வெள்ளை காட்டாத நீராவி

ஃபிட்டருக்குக் காது போனது இன்ன நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சின் பணிமனையில் இருபத்தாறு வருஷ வேலை. பக்கத்துக் கொட்டகையில் நாள் முழுக்க பாய்லருக்கு ஆணி அறைவார்கள். காது என்னதான் செய்யும், பாவம். வாசலில் நின்று யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டார். வேண்டுமென்றே செய்கிறார் என்று அவர் மனைவி ஒரு வருஷம் முழுக்கச் சண்டை பிடித்தாள். ஒரு நாள் காலையில் அடுப்பில் கொதித்த பானையின் மூடி எகிறித் தரையில் விழுந்து உருண்டது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மனுஷன் நிமிரக்கூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போட்ட சண்டைக்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள்.

வெளியே சொல்ல வழியில்லை. காது மந்தம் என்று தெரிந்தால் ஃபிட்டரைச் சாம்பல் அள்ளும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வேலைக்காரர்களுக்குப் பணிமனையின் வரிசை வீடு கிடையாது. ஆகையால் விஷயம் மூன்று பேரோடு நின்றது: ஃபிட்டர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. தம்பியும் அதே பணிமனையில் ஃபிட்டருக்கு ஜோடியாக வேலை பார்த்தான். நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான். "காது சமாச்சாரத்தைக் காதும் காதும் வெச்ச மாதிரி வெச்சிருக்கோம்க்கா" என்று அவனே சொல்லி அவனே சிரிப்பான். எதற்கும் சிரிக்கிற ஆள்.

வீட்டில் சிரமமில்லை. அவள் எதிரே வந்து, அவர் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, உதடு தெளிவாக அசையும்படி சொல்வாள். அவர் புரிந்துகொள்வார். பணிமனையில்தான் பாடு. ஃபிட்டருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே தவிர, படிக்கத் தெரியாது. ஃபோர்மேன் எது சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவார். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், சரி என்றும் வைத்துக்கொள்ளலாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தம்பி எதிரே உட்கார்ந்து, காலையில் ஃபோர்மேன் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக உதட்டால் ஒப்பிப்பான். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு பேசாதே, பாதி புரியவில்லை என்று இவர் கடிந்துகொள்வார். மற்றவர்கள் ஃபிட்டருக்குத் தலையாட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். ஆனால் அவர் கைவேலையைக் குறை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அவர்கள் பார்த்த எஞ்சின்களுக்கு மரவட்டை என்று பேர். மேலே ஒரே நீளப் பாய்லர், கீழே இரண்டு சக்கரக் கூட்டம். பின்கூட்டம் பாய்லரோடு அசையாமல் இருக்கும். முன்கூட்டம் வளைவு வந்தால் தனியாகத் திரும்பிக்கொள்ளும். அவ்வளவு நீள எஞ்சின் மலைப்பாதையில் இடுப்பை ஒடித்து ஒடித்து ஏறியது அதனால்தான். திரும்புகிற கூட்டத்துக்கு நீராவி போக வேண்டுமே, அதற்கான குழாயில் தோள்மூட்டு மாதிரி உருண்டையாக ஒரு மூட்டு உண்டு. ஃபிட்டருக்குச் சோறு போட்டது அந்த மூட்டுதான். அதிகம் இறுக்கினால் வளைவில் திரும்பாது, தளர்த்தினால் ஒழுகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அது எங்கே என்று அவர் விரலுக்குத் தெரியும்.

எல்லாம் முப்பது வருஷத்துப் பழைய எஞ்சின்கள். புதிதாக வாங்குவதைவிட இருப்பதை உசத்திக்கொள்ளலாம் என்று மேலே முடிவு செய்து, அந்த வருஷம் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டார்கள். பாய்லருக்குள் புதுக் குழாய் வரிசை செருகி, நீராவியை இரண்டாம் முறை சூடாக்கினார்கள். முன்பெல்லாம் பின்கூட்டத்தில் உழைத்துக் களைத்த நீராவிதான் முன்கூட்டத்துக்குப் போகும். இப்போது இரண்டுக்கும் பாய்லரிலிருந்தே நேராக, முழு வேகத்தில். பன்னிரண்டு வண்டி இழுத்த ஏற்றத்தில் மரவட்டை பதினாறு இழுத்தது. பணிமனையில் எல்லாருக்கும் ஒரு மிதப்பு. ஃபிட்டருக்கும்தான். புது அழுத்தத்துக்குத் தாங்குகிற மாதிரி மூட்டுக்கு அடைப்பு வைக்கும் வழியை அவர்தான் யோசித்துச் சொன்னார்.

மூட்டைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. எஞ்சினை யார்டில் மேலும் கீழும் ஓட்டிச் சூடேற்றி, தண்டவாளத்துக்கு அடியில் வெட்டிய குழிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒருவன் குழிக்குள் இறங்கி மூட்டின் கீழ்ப்பாதியைப் பார்ப்பான். இன்னொருவன் வெளியே நின்று மேல்பாதியைப் பார்ப்பான். குழிக்குள் நெருப்பின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் வெளியாள் சுத்தியலால் எஞ்சினின் இரும்புச் சட்டத்தில் அடிப்பான். ஒரு அடி என்றால், அப்படியே இரு. இரண்டு அடி என்றால், மேலே சுத்தம், ஏறி வா. இரண்டு சக்கரக் கூட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக, மூட்டில் முகம் உரசுகிற மாதிரிதான் ஏற வேண்டும்.

ஃபிட்டர் எப்போதும் குழி ஆள். சட்டத்தில் உள்ளங்கையை வைத்திருந்தால் அடி அதிர்வாகவே வந்து சேரும், காது தேவையில்லை. தம்பி எப்போதும் வெளியாள். இந்த ஏற்பாடே தம்பி செய்ததுதான். ஃபிட்டர் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. தன் புருஷன் குழிக்குள் இறங்குகிறார், தம்பி மேலே நிற்கிறான், அவ்வளவுதான் தெரியும்.

மூன்றாவது எஞ்சின் சோதனைக்கு வந்த நாள் காலையில் கடும் பனி. எதிர் வரிசை வீடுகள்கூடத் தெரியவில்லை. ஃபிட்டருக்கு இடது முழங்கால் இரண்டு நாளாக வீங்கியிருந்தது. லீவு போடுங்கள் என்றால் கேட்கிற ஜாதியா அவர்? பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸை மாட்டினார். தம்பி வந்து வாசலில் நின்றதும் அவள் அவனைத் தனியே மடக்கினாள்.

"டேய், மாமா கால் வீங்கிக் கெடக்குடா. இதோட குழிக்குள்ள எறங்கி ஏறினா அவ்வளவுதான். இன்னிக்கு ஒரு நாள் நீ எறங்கு."

தம்பி உள்ளே இருந்த ஃபிட்டரை எட்டிப் பார்த்தான்.

"என்னடா முழிக்கிற? ஒரு நாள்தானே?"

"அது இல்லக்கா... அது வந்து..."

"எது வந்து? வருஷக்கணக்கா அவரு எறங்கி ஏறுறாரு. நீ மேல நின்னு வேடிக்கை பார்க்குற. நல்லா இருக்குடா உன் நியாயம்." பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாயே, ஆளை விடு. நானே எறங்குறேன். உன் வீட்டுக்காரரை ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து விடுறேன், போதுமா?"

"இருடா, டீ கொதிக்குது."

"நேரமாச்சுக்கா. சாயங்காலம் வந்து குடிக்கிறேன்."

இரண்டு பேரும் பனிக்குள் போனார்கள். ஃபிட்டர் காலை இழுத்து இழுத்து நடக்க, தம்பி அவர் தோளில் கை போட்டிருந்தான். பத்தடி போனதுமே மறைந்துவிட்டார்கள்.

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. வேலை நேரத்தில் சங்கு ஊதினால் வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று யாரோ அவளிடம் சொன்னார்கள். யாருக்கு என்று கேட்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள். வழியெல்லாம் புருஷனைத்தான் நினைத்தாள். அந்தக் காலோடு எங்கே விழுந்தாரோ, எதில் அடிபட்டாரோ. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். "நல்லவேளை" என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் தம்பி பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக ஃபிட்டர் மனைவி சாகும்வரை வெட்கப்படுவாள். தம்பி பெண்டாட்டியை நர்ஸ் உள்ளே கூட்டிப் போனாள்.

"ரெண்டு அடி நான்தான் அடிச்சேன்" என்றார் ஃபிட்டர். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்குத் தெரியாது. "நல்லாப் பார்த்தேன். ஒரு பொட்டு வெள்ளைகூட இல்ல. சுத்தமா இருந்துச்சு. அடிச்சேன். மாப்ள தலை மேல வந்துச்சு. அப்புறம் வாயைத் தொறந்தான். ஏதோ சொல்றான்னு நெனச்சேன். என்னடா மாப்ளேன்னு கேட்டேன். வாயைத் தொறந்துகிட்டே இருக்கான்..."

அவள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். ஃபோர்மேன் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

தம்பிக்கு முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். கண்ணும் கட்டுக்குள் போய்விட்டது. வாய்க்கு மட்டும் இடம் விட்டிருந்தது. தம்பி பெண்டாட்டியைக் குடும்பத்தில் சின்னவள் என்பார்கள். அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, துணியைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் விசாரணை அதிகாரி ஒருவர் ஃபோர்மேனோடு வந்து காகிதமும் கையுமாக உட்கார்ந்தார்.

"எப்படிப்பா நடந்தது?"

"அவசரப்பட்டுட்டேன் சார்" என்றான் தம்பி. "மாமா சுத்தியல் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஏறிட்டேன். அவர் மேல தப்பே இல்ல."

சின்னவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "என்ன அவசரம் உனக்கு? சொல்லு, என்ன அவசரம்? வீட்டுலயும் இப்படித்தான், சூடு ஆறுறதுக்குள்ள வாயில வெச்சுக்குவ. நானும் பிள்ளையும் இருக்குறது அங்க நெனப்பு வரலையா?"

"ஆமா. தப்புதான். திட்டு" என்றான் அவன்.

அதிகாரிகள் போன பிறகு சின்னவள் தண்ணீர் பிடிக்க எழுந்தாள். காலடிச் சத்தம் தள்ளிப் போகிறவரை அவன் பேசவில்லை.

"அக்கா, யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான்டா."

"மாமா ரெண்டு அடிச்சாரு. அடிச்சப்புறம்தான் ஏறினேன்."

"தெரியும்டா, சொன்னாரு. எதுக்குடா இப்படி மாத்திச் சொன்ன?"

"அவரு மேல தப்பு இல்லக்கா. புது எஞ்சின்ல ஆவி கண்ணுக்குத் தெரியாது. பழசு ஒழுகினா வெள்ளையா பொகையும், யாருக்கும் தெரியும். இது ரெண்டு தடவை சுட்டது, காத்து மாதிரி இருக்கும். தள்ளிப் போய்த்தான் வெளுக்கும், அந்தப் பனியில அதுவும் தெரியாது. சத்தம் மட்டும்தான். சீறும். மொதல்ல காதால கேக்கணும், அப்புறம் கம்புல துணியைக் கட்டிச் சுத்திலும் காட்டி, துணி ஆடுதான்னு பார்க்கணும், அதுக்கப்புறம்தான் சுத்தியல். ஃபோர்மேன் எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னாரு. மாமாவும் தலையாட்டினாரு."

"நீ மத்தியானம் எல்லாத்தையும் சொல்லுவியேடா?"

"அதை மட்டும் சொல்லல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "வெளிய நிக்கிறது நான்தானேன்னு விட்டுட்டேன். காது இருந்தாத்தான் இனிமே இந்த வேலைன்னு அவர்கிட்ட எப்படிக்கா சொல்றது? அந்த மூட்டுன்னா அவருக்கு உசுரு. பாவமா இருந்துச்சு."

"அப்ப அன்னிக்குக் காலையில நான் உன்னை..."

"வாயெடுத்தேன். போற வழியில மாமாகிட்ட சொல்லிக்கலாம்னு நெனச்சேன். பனியில அவர் மூஞ்சியே எனக்குத் தெரியல, என் ஒதடு அவருக்கு எங்க தெரியப்போகுது? கொட்டகைக்குள்ள போனா ஃபோர்மேன் பக்கத்துலயே நிக்கிறாரு. சரி, ஒரு தடவைதானேன்னு..."

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். உடம்பில் கட்டுப் போடாத இடம் அதுதான்.

"யார்கிட்டயும் சொல்லாதக்கா. தெரிஞ்சா வேலையும் போயிரும், வீடும் போயிரும். சின்னவகிட்டயும் வேண்டாம். மாமா மூஞ்சியில முழிக்கமாட்டா. எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணினாள். வேறென்ன செய்ய முடியும் அவளால்? நாலாம் நாள் விடியும்போது அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. சின்னவளும் ஐந்து வயசுப் பெண்ணும் ஃபிட்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். எப்படி நடந்தது என்று கேட்பார்கள். சின்னவள் சொல்வாள். "சுத்தியல் அடிக்கிற வரைக்கும் பொறுக்கல. எல்லாத்துலயும் அவசரம். எங்களைவிட அந்த எஞ்சின்தான் பெருசாப் போச்சு." சொல்லிச் சொல்லி அவளுக்கு அழுகை நின்றுபோய், கோபம் மட்டும் மிச்சமாயிற்று. அவன் சட்டைகளை மடித்து வைக்கும்போதுகூடப் பட்டென்று உதறி, அடித்து மடித்தாள். ஃபிட்டர் மனைவி உருளைக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் தொண்டைவரை வந்ததை விழுங்கினாள்.

ஃபிட்டர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார். ஒரு நாள் அவள் அவர் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்: "விசாரணையில உங்களை என்ன கேட்டாங்க?"

"ஃபோர்மேன் ஏதோ கேட்டாரு. தலையாட்டினேன்."

"என்ன கேட்டாரு?"

"ரெண்டு அடி அடிச்சியான்னுதான் கேட்டிருப்பாரு. வேற என்ன கேப்பாரு?" என்றார். "எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. சின்னவளுக்கும் தெரியும். ஆனாலும் பாரு, என்னை ஒரு வார்த்தை சொல்லல. என் தட்டுல அவதான் சோறு போடுறா. என்ன மனசு அந்தப் பொண்ணுக்கு."

அவள் எழுந்து போய் அடுப்பை ஊதினாள்.

பதினாறாம் நாள் மத்தியானம் ஃபோர்மேன் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, பைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தார். நல்ல மனுஷன்தான், இந்த வேலை அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எல்லாரும் இருக்கும்போதே வாசித்துவிடுகிறேன் என்றார்.

"குழிக்குள் பணியாற்றியவர், சுத்தியல் அடிக்குக் காத்திராமல் தாமாகவே மேலேறியதே விபத்துக்குக் காரணம். இதை அவரே மருத்துவமனையில் ஒப்புக்கொண்டார். வெளியே நின்ற ஃபிட்டரும் இதை உறுதி செய்துள்ளார்."

வாசித்துவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்துப் பேனாவை நீட்டினார். ஃபிட்டர் அவர் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஸ்டூலை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு, பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு எங்கே இடம் என்று தேடினார்.

"அப்பா அவசரக்குடுக்கை" என்றாள் சின்னவளின் மகள். யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் மழைத்தண்ணீர் இறங்குவதை விரலால் பின்தொடர்ந்துகொண்டே, அம்மா சொல்கிற அதே இழுவையோடு சொன்னாள். "சொல்றதுக்குள்ள ஏறிட்டாரு."

ஃபிட்டர் மனைவி எழுந்தாள். இத்தனை வருஷம் வெளி மனுஷர் முன்னால் செய்யாததைச் செய்தாள். புருஷனின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சொல்லாக, உதட்டை விரித்துச் சொன்னாள்.

"தம்பி... அவசரப்பட்டு... அடிக்கு முன்னாடியே ஏறிட்டான்னு... எழுதியிருக்காங்க. நீங்களும்... அதைத்தான் சொன்னீங்களாம்."

ஃபிட்டர் காகிதத்தைப் பார்த்தார், ஃபோர்மேனைப் பார்த்தார். பேனா கையிலிருந்து நழுவியது.

"யாரு, நானா? நான் எப்பச் சொன்னேன்?" வீடு அதிரக் கத்தினார். "ரெண்டு அடி நான் அடிச்சேனே! அடிச்சப்புறம்தானே வந்தான்? அவன் எதுக்கு அவசரப்படப் போறான்? வான்னு சொன்னேன், வந்தான்!"

ஃபோர்மேன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "அம்மா, இவருக்குக் காது..."

"கேக்காதுங்க" என்றாள் அவள். "எட்டு வருஷமா கேக்காது. எனக்குத் தெரியும். என் தம்பிக்கும் தெரியும். அன்னிக்குத் தம்பியைக் குழிக்குள்ள எறக்கினது நான்தான். மாட்டேன்னு தயங்கினான், நான்தான் குத்திக் காட்டினேன். அதையும் எழுதுங்க. வீட்டை எடுத்துக்கோங்க. என் தம்பி பேரை அந்தக் காகிதத்துல இருந்து எடுங்க."

ஃபோர்மேன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ள மறந்து, கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

சின்னவள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அடிப்பாள், முடியைப் பிடித்து இழுப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஃபிட்டர் மனைவி காத்துக்கொண்டு நின்றாள். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அண்ணி" என்றாள் சின்னவள் மெதுவாக. "அப்ப, அவரு சத்தம் கேட்டுத்தான் ஏறினாரா?"

"ஆமாம்மா."

"ரெண்டு அடியும் விழுந்தப்புறம்?"

"விழுந்தப்புறம்தான்."

"அவசரப்படவே இல்லையா?"

"இல்லம்மா. அவன் சரியாத்தான் செஞ்சான். நாங்கதான்..."

சின்னவள் கேட்கவில்லை. அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி ராத்திரி தண்ணி குடுத்துக்கிட்டே கேட்டேன் அண்ணி. எங்க மேல கொஞ்சமாவது பாசம் இருந்திருந்தா ரெண்டு அடிக்குப் பொறுத்திருப்பல்லன்னு கேட்டேன். மூணு தடவை கேட்டேன். அவரு பேசாம இருந்தாரு. அப்புறம், ஆமா, இருந்திருக்கணும், மன்னிச்சுக்கோன்னாரு. நான் மன்னிக்கமாட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவரு பேசவே இல்ல."

ஃபிட்டர் மனைவி கிட்டே போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தாள். சின்னவள் கையை உருவிக்கொண்டாள். ஜன்னலுக்குப் போய் மகளைத் தன் பக்கம் திருப்பி, மண்டி போட்டு உட்கார்ந்தாள். "அப்பா அவசரப்படலடி. மாமா வான்னு சொன்னப்புறம்தான் வந்தாரு. எங்க, சொல்லு." பெண் மலங்க மலங்கப் பார்த்தாள். "சொல்லுடி. சொல்லு." பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளை அழ ஆரம்பித்தது. இத்தனை நாளாக நின்றுபோயிருந்த அழுகை அப்போது சின்னவளுக்கும் வந்தது. வீட்டுச் சுவரெல்லாம் கேட்கிற மாதிரி வந்தது.

ஃபிட்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் முதுகு குலுங்குவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. மனைவியிடம் வந்தார்.

"சின்னவ என்ன சொல்றா?"

அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். சொல்லத்தான் பார்த்தாள். உதடு அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"வெளங்கல" என்றார் அவர். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மெதுவாச் சொல்லு. அவ என்ன சொல்றா?"